சிவப்பு அட்டை கட்டிய வாள்

மத்திகிரி, ஓசூர்
8.6.2025

அன்புத் தம்பி மாதவனுக்கு,

அக்கா தமிழ்செல்வி எழுதுவது. அங்கே எல்லையில் குளிர் எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கால் விரல் வெடிப்பு ஆறிவிட்டதா என்பதை முதலில் எழுது. நான் அனுப்பிய களிம்பைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று போன தடவை எழுதியிருந்தாய். பூசிக்கொள்ளத்தான் அனுப்பினேன், பத்திரப்படுத்த இல்லை.

இங்கே நானும் உன் மாமாவும் நலம். மாமாவுக்கு இந்த மாதம் இரண்டாம் ஷிப்ட், அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகம் பார்த்துப் பேசுகிறோம். அப்பாவும் நலம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இருபத்தேழு வருடம் முலாம் பூசும் தொட்டிகளுக்கு மேல் குனிந்து நின்ற உடம்பு, அது தன் கணக்கைக் காட்டத்தானே செய்யும்.

இந்த வாள் விஷயத்தைப் போனில் பேச வேண்டாம், கடிதமாகவே எழுது என்று நீ சொன்னபோது சலித்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் நீ சொல்வதுதான் சரி. உனக்கு லைன் கிடைப்பது வாரத்தில் மூன்று நிமிடம். நம் வீட்டு ஹாலில் நின்று அப்பா காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. உன் அழைப்பு என்று தெரிந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார். ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் போனை நீட்டினால் கை நீட்டி வாங்கவும் மாட்டார். பதினாலு வருடமாக இப்படித்தான்.

அந்த வாள் எப்படி இருந்தது என்று எனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது எனக் கேட்டிருந்தாய். எல்லாமே நினைவிருக்கிறது. பெருமாள் தாத்தா பர்மா சண்டையிலிருந்து ஊர் திரும்பியபோது அவருடைய வெள்ளைக்கார அதிகாரி கொடுத்த வாள். அப்பா துறையூரை விட்டு இந்த ஊர் கம்பெனிக்கு வேலைக்கு வந்தபோது அவரிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த வாளும்தான். வருடம் முழுக்க ஹால் சுவரில் இரண்டு ஆணியில் உறையோடு தொங்கும். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் இறக்கி உருவி, கைப்பிடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். நம் இருவரையும் கிட்டே விடமாட்டார். பித்தளைக் காப்பு, மீன்தோல் சுற்றிய கைப்பிடி, அதன்மேல் முறுக்குக் கம்பி. முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். பூஜைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அது அந்தக் காலத்து எஃகு, துரு கிட்டேயே வராது என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். அந்த வரியை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

நீ அதை எடுத்துக்கொண்டு போன நாளும் நினைவிருக்கிறது. ஒரு பழைய பைக்குக்கு ஆசைப்பட்டு, ஓசூரில் ஒரு பழைய சாமான் கடையில் விற்றாய். உனக்குப் பத்தொன்பது வயது, எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. அப்பா அடிக்கவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். நீ அவர் முகத்துக்கு நேராக நின்று, "அது டூப்புப்பா, கடைக்காரனே சொல்லிட்டான், இத்தன நாளா டூப்புக்குப் பொட்டு வச்சிட்டிருக்கீங்க" என்று கத்தினாய். அதோடு அவர் வாய் மூடிக்கொண்டது. விற்றதைக்கூட அவர் பொறுத்திருப்பார், அந்தப் பேச்சைத்தான் பொறுக்கவில்லை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா சாவுக்கு நீ வந்தபோதும் இருவரும் ஒரே பாடையைத் தூக்கினீர்களே தவிர அவர் உன்னைப் பார்க்கவில்லை.

பழையதைக் கிளறி உன்னைக் குத்த எழுதவில்லை. நீ எழுதிய வரி என் மனதில் நிற்கிறது. அந்த வாள் இனிக் கிடைக்காது, நிஜமான பழைய வாள் ஒன்றையாவது அந்த இரண்டு ஆணியில் மாட்டிவிட்டால் அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று எழுதியிருந்தாய். அவர் தாலி எடுத்துக் கொடுக்காமல் கல்யாணமே வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். முப்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு வீம்பு உனக்கு. சரி, தேடுகிறேன் என்று ஆன்லைனில் உட்கார்ந்தேன்.

முதலில் வாங்கியது வடக்கே ஏதோ ஊர்க்காரன் போட்டிருந்தது. பிரிட்டிஷ் பட்டாள அதிகாரி வாள், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருடத்தது என்று எழுதியிருந்தான். போட்டோவில் அழகாகத்தான் இருந்தது. பார்சல் வந்து பிரித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நான் பதினேழு வருடமாகச் செய்வது இந்த வேலைதானே. வெளியிலிருந்து வரும் பாகங்களை அளந்து, தேறினால் உள்ளே, தேறாவிட்டால் சிவப்பு அட்டை. அதையே இதற்கும் செய்தேன். மதிய சாப்பாட்டு இடைவேளையில் வாள் சேகரிப்பவர்கள் எழுதியதை எல்லாம் படித்துக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அசல் வாளின் தகடு பிடியருகே தடிமனாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போக மெலியும். இதுவோ அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமன். யாரோ தகட்டை வெட்டிச் சாணை பிடித்திருக்கிறார்கள். செய்தவர் முத்திரை முதுகுப் பக்கத்தில் பொடியாக இருக்க வேண்டும். இதில் வருடத்தைக் கொட்டை எழுத்தில் நடுமுகத்தில் போட்டிருக்கிறான், விலாசம் எழுதுவது போல. பித்தளைக் காப்பில் வார்ப்புக் குழிகள் அப்படியே இருந்தன. மீன்தோல் என்றது பிளாஸ்டிக். சுட்ட ஊசியை வைத்ததும் நாற்றம் காட்டிக் கொடுத்தது. ஈரத்துணியால் துடைத்தால் துரு மொத்தமும் துணியோடு வருகிறது. நூறு வருடத் துரு கறுத்துப்போய் இரும்புக்குள் இறங்கியிருக்கும், துணிக்கு வராது. பிறகு தேடினால் அதே போட்டோ, அதே மேசைவிரிப்புக் கறையோடு, நாலு பேர் பெயரில் நாலு இடத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதை வாங்கிய பின் செய்தேன்.

அவன் திருப்பி வாங்க மறுத்துவிட்டான். இளநீர் சீவவாவது ஆகுமா என்று உன் மாமா கேட்டார். அதற்கும் ஆகாது. பரண்மேல் போட்டிருக்கிறேன்.

மனதைத் தளர விடாதே. முதல் லாட் ரிஜெக்ட் ஆனால் தொழிற்சாலை நின்றுவிடாது. இனி முதுகுப் பக்கம், நுனி, கைப்பிடி முனை மூன்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பாதவனிடம் பேசவே மாட்டேன். கையுறையைக் கழற்றாதே.

உன் நலமே நினைக்கும் அக்கா,
தமிழ்செல்வி

*

மத்திகிரி, ஓசூர்
20.7.2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. களிம்பு பூசினேன் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். இங்கே இந்த வருடம் மாங்காய் நல்ல காய்ப்பு. வேப்பனப்பள்ளியிலிருந்து மாமாவின் சிநேகிதர் ஒரு கூடை கொடுத்தனுப்பினார். அப்பா ஒரு துண்டு கேட்டுச் சாப்பிட்டார். எங்கள் பிரிவில் ரூபா என்று ஒரு பெண் உண்டு, தேன்கனிக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ராகிக் கொல்லையில் யானை இறங்கிவிட்டது என்று மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. லீவு லெட்டரில் காரணம் யானை என்று போட்டதற்கு மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு வாடகைக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின் எடுத்திருக்கிறோம். பயப்படும்படி ஒன்றும் இல்லை, படுக்கும்போது மட்டும்தான். அதன் சத்தம் பழகிவிட்டது. கட்டிலை ஹாலுக்கு மாற்றியாயிற்று, குளியலறைக்குப் பக்கம் என்று. படுத்தபடி பார்த்தால் எதிர்ச் சுவரில் அந்த இரண்டு ஆணிதான் தெரியும். கட்டிலைத் திருப்பிப் போடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவதாக ஒரு வாள் வந்தது. விற்பவர் ஊர் பெங்களூரு என்று போட்டிருந்தது. பார்சலைத் திருப்பினால் அனுப்பிய முகவரி நம் குருபரப்பள்ளி, நெடுஞ்சாலையோரக் கடை. பழைய கதவு, தூண், குத்துவிளக்கு எல்லாம் பெங்களூருக்காரர்களுக்கு விற்கிற கங்கப்பன் என்பவர். ஏழு நாளில் திருப்பலாம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் வரவழைத்தேன்.

அளப்பதற்குக் கம்பெனியிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து வந்தேன். முறையாகக் கேட் பாஸ் போட்டுத்தான். ஒரு நட்டைக்கூடக் கேட்டுக்கு வெளியே கொண்டுவராத மனிதரின் மகள் நான். அப்பா தூங்கிய பிறகு மாடி அறையில் வைத்துப் பார்த்தேன். உண்மையான இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் போலவே பழைய படிவத்தில் எழுதினேன், எனக்கு அப்படி எழுதினால்தான் புத்தி ஓடும். உனக்கும் சொல்கிறேன்.

தகட்டுத் தடிமன் சரியாக இருந்தது. எட்டு மில்லிமீட்டரில் தொடங்கி நுனியருகே இரண்டரைக்கு இறங்கியது. அதைப் பார்த்ததும், அசல்தானோ என்று இன்னொரு தடவை அளந்தேன். மற்றது எதுவும் தேறவில்லை. தகட்டின்மேல் நிக்கல் முலாம் பூசியிருக்கிறார்கள். அசல் போர் வாளுக்கு இப்படித் தொழிற்சாலை முலாம் எதற்கு? அதுவும் ஓரங்களில் கொப்பளித்து, தோலாக உரிகிறது, அடியில் துரு. தகட்டில் செதுக்கியிருக்க வேண்டிய கிரீடமும் எழுத்தும் இல்லை. முதுகில் முத்திரையும் இல்லை, மெருகு போடும் பஃப் சக்கரத்தில் நன்றாகத் தேய்த்த மழமழப்பு மட்டும்தான். காப்புக்குக் கீழே தகட்டைச் சுற்றி நூல் அளவுக்கு முலாம் ஏறாத ஒரு கோடு. கம்பி கட்டித் தொட்டியில் தொங்கவிட்ட அடையாளம். ஒழுங்கான பட்டறை என்றால் அதற்கென்று கொக்கி வைத்திருக்கும், இப்படிக் கம்பியில் கட்டாது. கைப்பிடித் தோல் உரிந்து பாதி இல்லை, உறையும் இல்லை.

அப்பாவின் வாள் பளபளத்தது எஃகின் தரத்தால். துரு கிட்டே வராத எஃகு அது. இதுவோ முலாம் போட்டுத் துருவை மறைத்த சரக்கு. இதைக் கொண்டுபோய் அவர் முன்னால் மாட்டினால், மறுபடியும் டூப்பு என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியது போல ஆகும். நாலு காரணத்துக்கு ரிஜெக்ட் என்று எழுதி, ரிப்போர்ட்டின் நகலையும் வைத்து, சிவப்பு அட்டை ஒன்றையும் கம்பியில் கட்டி, நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏமாறவில்லை என்று சந்தோஷப்படு. இன்னும் ஆயுத பூஜைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. தேடுகிறேன்.

நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
தமிழ்செல்வி

*

மத்திகிரி, ஓசூர்
10.9.2025

அன்பு மாதவா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. காவல் முறை முடிந்து வந்து, டீ குடித்துவிட்டுப் படி. கெட்ட செய்தி என்று நினைத்துப் பதறாதே. ஆனால் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தேன். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் கட்டோடு சேர்ந்து கீழே வந்துவிட்டது போல, அந்த வாளுக்கு நான் எழுதிய ரிப்போர்ட். நமக்குத் தெரியாமல் இவ்வளவும் நடக்கிறதா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஒரு வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இந்த ஒயர் மார்க் எந்தப் பக்கம்மா இருந்துச்சு, காப்புக்குக் கீழயா, நுனியிலயா" என்று கேட்டார்.

காப்புக்குக் கீழே என்றேன். போட்டோ இருக்கிறதா என்றார். போனில் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார், இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பிறகு மூக்கில் இருந்த குழாயைக் கழற்றிவிட்டு, "தமிழு, அந்தக் கம்பியக் கட்டுனது நான்தான்" என்றார்.

அவர் விட்டு விட்டுச் சொன்னதை நான் கோர்த்து எழுதுகிறேன். நாம் அப்போது காலனி வீட்டில் இருந்தோம், நீ இரண்டு மூன்று வயதுக் குழந்தை. அந்த வருட மழையில் கூரை ஒழுகி, உறைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்பு உருவிப் பார்த்தால் தகடு முழுக்கத் துரு. தாத்தா கொடுத்ததை ஒரு மழைக்குக் காப்பாற்ற முடியவில்லையே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டதாம். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பூஜைக்குக் கம்பெனி கேட்டில் கட்ட வாழைக்கன்று கொண்டுபோகும் வேலை அவருடையது. கன்றுகளுக்கு நடுவில் வாளை வைத்துக் கட்டி உள்ளே கொண்டுபோய்விட்டார். பிரிவில் எல்லோரும் தோரணம் கட்டப் போன நேரத்தில் பஃப் சக்கரத்தில் துருவைத் தேய்த்தார். துருவோடு சேர்ந்து தகட்டிலிருந்த கிரீடமும் எழுத்தும் முத்திரையும் போய்விட்டன. தேய்த்து முடித்த பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது. ஒற்றை உருப்படி, அதற்கு ஏது கொக்கி, செப்புக் கம்பியில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டார். பளபளவென்று எடுத்து, மறுபடி வாழைச் சருகுக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

துரு கிட்டே வராத எஃகு என்ற பேச்சு அந்த வருடம்தான் ஆரம்பித்ததாம். கேட்டவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னது, பிறகு அதையே வருடா வருடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை நம்பித்தான் மாதவா நான் ரிஜெக்ட் எழுதினேன். அந்தக் கடைக்காரன் உன்னிடம் டூப்பு என்று சொன்னதும் இதே முலாமைப் பார்த்துத்தான். நீயும் பொய் சொல்லவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை.

இவ்வளவு நாள் அப்பா உன்மேல் கோபத்தில் பேசவில்லை என்றுதானே நாம் இருந்தோம். நான் அதைக் கேட்டுவிட்டேன். அவர் எதிர்ச் சுவரிலிருந்த ஆணிகளைப் பார்த்தார். பிறகு, "அவன் டூப்புன்னு சொன்னான். இல்லடான்னு சொல்ல வாய் வந்துச்சு. சொன்னா எப்படி டூப்பு மாதிரி ஆச்சுன்னும் சொல்லணும். அன்னைக்கு முழுங்குனேன், அப்புறம் எதப் பேசுறதுக்கும் வாய் வரல. புள்ளைய வெளிய தொரத்துனது வாளும் இல்ல, பைக்கும் இல்ல, என் வெக்கந்தான்" என்றார். இதை எழுதும்போதே எனக்குக் கண் மறைக்கிறது. அவ்வளவு நேரம் குழாய் இல்லாமல் பேசியதில் உதடு நீலமாகிவிட்டது, நான்தான் அவசரமாக மாட்டிவிட்டேன்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, மாமாவையும் கூட்டிக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் போனேன். திருப்பி அனுப்பி ஒரு மாதத்துக்கு மேலாகிறது, விற்றிருப்பாரோ என்று பஸ்ஸில் உட்கார முடியவில்லை. கங்கப்பன் என் பெயரைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார், அந்தச் சிவப்பு அட்டையால். "நீதானாம்மா அது, வாளுக்கு ரிப்போர்ட் எழுதி அனுப்பிச்சது? நானே பாத்து ஒப்புக்கிட்டேம்மா, கரெக்டா எழுதியிருந்த" என்று மரியாதையாக நாற்காலி போட்டார். ஓசூரில் மூடிப்போன ஒரு பழைய சாமான் கடையின் சரக்கை மொத்தமாக எடுத்தபோது அது வந்ததாம்.

கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரு பள்ளம் வெட்டி, உப்பும் ஈர மண்ணும் போட்டு, புது வாள்கள் பத்துப் பதினைந்தைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கிடந்தால் நூறு வயதாகிவிடுமாம், அவரே சொன்னார். நம் வாள் பள்ளத்தின் ஓரத்தில் சாத்தியிருந்தது. அட்டையைக்கூட அவிழ்க்கவில்லை. அவர், "இதோட மொலாம சொரண்டிட்டு மண்ணுல போடலாம்னு வச்சேன், ஆளு வரல" என்றார். ஆள் வராததற்கு நான் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்வது என்று தெரியவில்லை.

அது அசல் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பதினேழு வருடத்தில் ஒரு பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மறைத்தது அன்றைக்குத்தான். சுவரில் மாட்ட அழகாக இருக்கும் என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். ரிஜெக்ட் செய்ததை ஏன் திரும்ப வாங்குகிறாய் என்று அவர் கேட்டபோது மாமா முந்திக்கொண்டு, வீட்டுக்காரி புத்தி மாறுவது புதிதில்லை என்றார். அவர் சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்தது அதுதான். வீட்டில் வாள் வைத்திருக்கிறோம் என்று போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டோம், நீ அதை நினைத்துக் கவலைப்படாதே.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டியைப் பிரித்து அப்பா மடியில் வைத்தேன். தகட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காப்புக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மெதுவாகச் சுற்றினார். கோடு வந்த இடத்தில் விரல் நின்றது. இதுதான் என்றார். உரிந்திருந்த முலாமை நகத்தால் லேசாக நிமிண்டி, சரியாக ஒட்டவில்லை, அவசரத்தில் அமிலத் தொட்டியில் போதுமான நேரம் வைக்கவில்லை என்று தன் வேலையைத் தானே குறை சொன்னார். நான் அழுதேன், மாமா சமையலறைக்குள் போய்விட்டார்.

பிறகு மாமா வந்து வாளை எடுத்து ஆணியில் மாட்டப் போனார். அப்பா கையைத் தூக்கித் தடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "எறக்குனவன் வந்து மாட்டட்டும்" என்றார்.

பதினாலு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் உத்தரவு இது. அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு தடவை கேட்கிறார், அவனுக்கு எழுதிட்டியா என்று. மற்றபடி பேச்சு குறைவுதான். இப்போது மெஷின் பகலிலும் ஓடுகிறது. கஞ்சி மட்டும் இறங்குகிறது. கட்டிலைத் திருப்ப வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறது.

ஆயுத பூஜை அடுத்த மாதம் முதல் தேதி. அதற்கு வந்தால் போதும் என்று எழுதத்தான் நினைத்தேன். அப்படி எழுதவில்லை. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே கிளம்பப் பார். டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் ஒன்றைத் தனி உறையில் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அது உன் அதிகாரிக்கு, லீவுக்காக. நீ பிரித்துப் படிக்க வேண்டாம், அப்படியே கொடுத்துவிடு. அக்கா சொல்வதை இந்த ஒரு தடவை கேள்.

வாளை அப்பா கண்ணில் படும்படி ஆணிக்கு நேர் கீழே சுவரில் சாத்தியிருக்கிறேன். சிவப்பு அட்டையை அவிழ்த்துவிட்டேன். நீ வரும்போது களைத்து வருவாய், வந்ததும் குளிக்கக்கூட வேண்டாம், முதலில் மாட்டிவிடு. ஆணி தாங்குமா என்று நினைக்காதே. இன்று காலையில் இரண்டையும் பிடித்து அசைத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கின்றன.

தாத்தா போன வழியில் பட்டாளத்துக்குப் போன பிள்ளை நீ. அவரைத் திருப்பி அனுப்பிய சாமி உன்னையும் சீக்கிரம் வீடு கொண்டு சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும் அக்கா,
தமிழ்செல்வி

இதை எழுதி முடித்ததும் அப்பாவிடம் கொடுத்தேன், ஏதாவது எழுதுகிறீர்களா என்று. பேனா பிடிக்க வரவில்லை. கீழே இருக்கும் கட்டைவிரல் ரேகை அவருடையது. தொட்டுக்கொள்ள மையைக் கொண்டுவந்தேன், அவர் பூஜைக் குங்குமம் கேட்டார்.